இழப்பீட்டுப் படிவத்தில் இல்லாத மரம்

தளிக்குப் பக்கம், ராகிக் காட்டு வரப்போரம்
எட்டு வருஷமாய் ஒரு பைன்.
நடும்போதே வேருக்கடியில் உடைந்த ஓட்டைப் பதித்தேன்,
ஆணிவேர் இறங்காமல் பக்கவாட்டில் ஓடட்டும் என்று.
அடிமரம் பருக்க ஒரு கிளையை மட்டும்
தொடாமல் விட்டேன். அது
என்னைத் தாண்டி, மோட்டார் கொட்டாயையும் தாண்டியது.
வெட்டுவதற்கென்றே வளர்த்த கிளை.
ஒவ்வொரு தையிலும் ரம்பத்தோடு போவேன்,
இன்னும் ஒரு விரற்கடை பருக்கட்டும் என்று திரும்புவேன்.
ஒருமுறை அதில் குருவி வேறு கூடு கட்டிவிட்டது.

போன மார்கழியில் ஜவளகிரிப் பக்கமிருந்து வந்தவை
ராகியை மென்று, சொட்டுநீர்க் குழாயை மிதித்து,
போகிற போக்கில்
அந்தக் கிளையைக் கிழித்துப் போட்டன.

காலையில் எங்கும் பிசின் மணம்.
பட்டை நார்நாராய்த் தொங்க, உள்ளே வெள்ளை எலும்பு.
என் ரம்பத்துக்கு
இவ்வளவு அழகாய்க் கோணத் தெரியாது.

நஷ்டம் எழுத வந்த நஞ்சேகவுடா
"பயிர்?" என்றார்.
ராகி, முக்கால் ஏக்கர்.
அப்புறம் பைன், ஒன்று.
"மரமா, செடியா?"
இனிமேல்தான் செடி, என்றேன்.
பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அடித்துவிட்டார்.

தை பிறந்ததும் சுற்றிலும் தோண்டினேன்.
ஓடு அப்படியே இருந்தது,
வேர்கள் அதன்மேல் விரித்த கை.
கிரானைட் பட்டறையில் கழித்த துண்டைக் குடைந்து
தொட்டி செய்து தந்தான் மாரேஷ்.
காசு வாங்கவில்லை.
"இதில் என்ன காய்க்கும்?" என்று மட்டும் கேட்டான்.

கிழிந்த இடத்தை நான் செதுக்கவில்லை.
முழங்கால் உயரத்தில் நிற்கிறது.
நாய் வந்து மோந்து பார்த்து
பின்வாங்கிப் போகிறது, இன்னும்
அதில் ஏதோ பெரியதன் வாசனை.