ஒன்பதங்குலச் சுவர்

முன்னால் நின்று பார்த்தால்
பதினோரு வீட்டுக்கும் ஒரே நெற்றி.
தேன்நிறக் கல்லில், ஒரே கையெழுத்தில்,
அடித்தல் திருத்தல் இல்லாத நீண்ட வரி.
அதில் ஒரு சாளரம் பொய்.
கல்லின்மேல் கறுப்புப் பூசி
வெள்ளைச் சட்டம் வரைந்திருக்கிறார்கள்,
கணக்குக்கு ஒன்று குறைந்ததால்.

பின்னால் போனால்
பதினோரு பேர் தனித்தனியே போட்ட சண்டை:
துருத்திய கழிவறைகள், குறுக்கே பாயும் குழாய்கள்,
யாரோ அவசரத்தில் உடைத்து வைத்த வாசல்.

லார்க்மீட் வரிசை, பிரிஸ்டல். நவம்பர்.
மாநகராட்சிக்காக அளக்க வந்திருந்தேன்.

ஏழாம் எண்ணுக்கு வெளியே பதினெட்டடி.
பழைய வரைபடப்படி உள்ளே பதினாறரை.
நாடா பதினேழேகால் என்றது.
மூன்று முறை அளந்தேன்.
வீடு தன் சட்டையைவிடப் பருத்திருந்தது.

பிறகுதான் உறைத்தது:
பதினெட்டங்குலச் சுவருக்குக் கூலி வாங்கி
ஒன்பதில் எழுப்பிவிட்டுப் போயிருக்கிறான்
எவனோ ஒரு மேஸ்திரி,
மன்னர் ஜார்ஜுகளின் காலத்தில்.

"அதுதானா!" என்றார் வினிஃப்ரெட் டென்ச்.
இருபத்திரண்டு வருடமாக
எட்டாம் எண்ணின் இருமல் அவருக்குத் தெரியும்.
எந்த இருமல் புகை, எந்த இருமல் பனி என்று.
நான்கு மணிக்கு ரொட்டி கருகுவது தெரியும்.
நேரில் பேசியதெல்லாம்
குப்பைத் தொட்டியருகே, வானிலை பற்றி.
போன வருடம் ஓர் இரவு
தொலைபேசி அடித்தது அங்கே. பிறகு வானொலி நின்றது.
மூன்று நாள் நின்றே இருந்தது.
நான்காம் நாள் உருளைக்கிழங்கு சூப் வைத்து
பாத்திரத்தோடு அவர் வாசற்படியில் விட்டு வந்தாராம்.
மணி அடிக்கவில்லை.

"தடிமனாக்கச் சொல்வார்களோ?"
கேட்கும்போது குரலைத் தணித்துக்கொண்டார்,
தன் வீட்டில், தன் சுவருக்குப் பயந்து.
விதி இருக்கிறது, சொன்னேன்.
தேநீரில் சர்க்கரை கேட்காமலே போட்டுவிட்டார்.

எட்டில் ஆர்லண்டோ பிம்.
நாடாவின் மறுமுனையை அவரே பிடித்தார்.
பதினேழேகால்.
"அந்தப் பக்கம் பியானோ பழகுகிறார்கள்," என்றார்,
"ஆறாவது சுரத்தில் எப்போதும் தவறு.
இப்போது அது சரியாக வந்தால்தான் திடுக்கிடும்."

கிளம்பும்போது அலமாரியைத் திறந்தார்.
நீல எனாமல் பாத்திரம், துடைத்துப் பளபளவென்று,
மூடியைத் தாளில் சுற்றி, நூல் கட்டி.
"நீங்கள் அந்த வழியாகத்தானே..."

எட்டின் கதவிலிருந்து ஏழின் கதவுக்கு
ஐந்து எட்டு.
ஒரு கையில் நாடா, ஒரு கையில் பாத்திரம்,
தலைக்கு மேலே அந்தப் பொய்ச்சாளரம்.
அறிக்கையில்
'குறைபாடுகள்' என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
மணி அடித்தேன்.
உள்ளே பியானோ நின்றது.