தூமு

எங்கள் இனிஷியல் இனிஷியலே அல்ல.
தாலுகா ஆபீசில் யாரோ ஒரு குமாஸ்தா
தூமு என்ற வீட்டுப்பேரை
நடுவில் உடைத்துப் புள்ளி வைத்துவிட்டார்:
தூ. மு. நாகபூஷணம்.
உன் தாத்தா பேரும் தூ-வா என்று
ரேஷன் கடையில் அண்ணனைக் கேட்டார்கள்.
பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேட்கவில்லை,
துப்பிக் காட்டினார்கள்.

வேப்பனப்பள்ளியில் எங்களுக்கு
வீட்டுக்குத் தெலுங்கு, கடைக்குத் தமிழ்,
சண்டைக்குக் கன்னடம்.
வீட்டுப்பேர் எதற்கும் வேண்டியதில்லை.
பெண் பார்க்க வருகிற அன்று மட்டும்
யாராவது கேட்பார்கள்.
ஒரே பேர் என்றால் அண்ணன் தங்கை முறை;
காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகவேண்டியதுதான்.
யாரைக் கட்டக்கூடாது என்று சொல்லவே
இத்தனை காலம் சுமந்துவந்த சொல்.

அங்கன்வாடி வேலையோடு
வாக்காளர் பட்டியல் திருத்தமும் என் தலையில்.
வீடு வீடாகப் போகும்போது
அரசாங்கம் கேட்காத கணக்கு ஒன்றைப்
பட்டியலின் பின்பக்கம் பென்சிலில் எழுதினேன்.
இங்கே ஒன்பது பேர்.
குருபரப்பள்ளியில் நான்கு, அதில் ஒருவர் படுத்த படுக்கை.
குப்பத்தில் மூன்று.
பீன்யாவில் லேத் ஓட்டும் சென்னகேசவன் ஒருவன்.
ஆகப் பதினேழு.
நானும் சேர்ந்திருப்பேன்;
தாலி கட்டியதும் சிந்தமானு ஆகிவிட்டேன்.
சிந்தமானு என்றால் புளியமரம். அதை எண்ணி முடியாது.

போன மாசியில் நாக்பூரிலிருந்து ஒரு போன்.
ரயில்வேயில் சிக்னல் வேலை.
தூமு ஹரிபாபு என்றார், புள்ளி இல்லாமல்.
பதினெட்டு, என்று ஓடியது மனம்.
நாங்கள் வெட்டிப் பேசும் தெலுங்கை
அவர் இழுத்துப் பேசினார்.
"உங்க பக்கம் தூமு-னா என்னம்மா அர்த்தம்?"
ஏரி மதகு, தமிழில் தூம்பு என்பார்களே அது, என்றேன்.
எந்த ஏரி என்று அவர் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.
எங்கள் நிலத்தில் இருப்பது
எண்ணூறு அடி போர்வெல்.
"எங்க பக்கம் அது தானியம் அளக்கிறது, மரக்கால் மாதிரி"
என்று சொன்னவர் குரலில் அத்தனை நிம்மதி ஏன் என்று
அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அவர் மகள் சௌஜன்யாவுக்கு ஓசூரில் ஸ்கூட்டர் கம்பெனி.
அண்ணன் மகன் திலீப்புக்கும் அங்கேதான்.
கேண்டீன் வரிசையில் அவன் அட்டையைப் பார்த்து
டி.எம். என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள்.
அவன் சொன்னதும் தன் அட்டையைத் திருப்பிக் காட்டி
தட்டு கீழே விழுமளவுக்குச் சிரித்திருக்கிறாள்.
"நீயுமா?"
அவர்கள் இருவரும் பிறந்ததிலிருந்து
வேறு எவரையும் கேட்டிராத கேள்வி.

அண்ணன் மூன்று நாள் சாப்பிடவில்லை.
கோத்திரம் தேடினோம்;
இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.
கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
பட்டியல் என்னிடம் இருந்ததால்.

அகராதியில் இரண்டு பொருளும் இருந்தன, அடுத்தடுத்து.
மதகு திறந்தவனுக்கு
அறுப்புக் களத்தில் என்ன கூலி கொடுத்திருப்பார்கள்?
ஒரு தூமு தானியம்.
ராத்திரி பாத்திரம் கழுவும்போது தோன்றியது இது.
கையைத் துடைத்துக்கொண்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

"வேற வேற," என்றேன் காலையில்.
"நம்முது தண்ணீர். அவங்களுது தானியம்."
அண்ணன் இரண்டு தோசை சாப்பிட்டான்.

கிருஷ்ணகிரி பதிவாளர் ஆபீசில்
சௌஜன்யா படிவம் நிரப்பினாள்.
திருமணத்துக்கு முந்தைய பெயர்: தூமு சௌஜன்யா.
பிந்தைய பெயர்: தூமு சௌஜன்யா.
எழுத்தர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"சரியாப் பாத்து எழுதும்மா,
ரெண்டு எடத்துலயும் ஒண்ணையே எழுதியிருக்க."