பெட்டக எண்

அமலோற்பவம் என் பெயர்.
ரூவிக்கு வந்த முதல் வாரமே
அது அமல் ஆகிவிட்டது.
ஏழெழுத்துச் சொல்ல தேசாய் சாருக்கு நேரமில்லை.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஷம்ஸா சொன்னாள்:
அரபியில் இரண்டு அமல் உண்டு.
ஒன்று நம்பிக்கை.
மற்றது வேலை. அதற்குத் தொண்டையை
அடியில் கொஞ்சம் இறுக்க வேண்டும்.
உங்கள் சார் எதைச் சொல்கிறார்?
சிரித்தோம். லிஃப்ட் வரவில்லை,
படியில் இறங்கினோம்.

ஒன்பது வருடம்.
சோஹாரில் இறங்கிய வெங்காயம், உருளைக்கிழங்கு,
உறைந்த கோழி எல்லாம்
என் விரல் வழியாகத்தான் கரையேறின.
சுங்கக் கணக்கில் என் பெயர், என் கடவுச்சொல்.
சம்பளச் சீட்டில் இன்னும் 'டைப்பிஸ்ட்'.
இந்த ஆபீஸில் டைப்ரைட்டரே கிடையாது.

வெள்ளிக்கிழமைப் பூசையில்
நற்கருணை வரிசையில் நிற்கையில்
கைப்பைக்குள் நடுங்கும் போன்.
இரவு பதினொன்றரைக்குக் குரல்:
அமல், ஒரே ஒரு சின்ன வேலை.
சின்ன வேலைக்கு எப்போதும் நாற்பது பக்கம்.

பிறகு நிஷித் வந்தான், லாஜிஸ்டிக்ஸ் தலைவராக.
எல்லாம் கற்றுக்கொடு என்றார்கள், கொடுத்தேன்.
அவன் சம்பளச் சீட்டை அச்சடித்துக்
கவரில் போட்டதும் நான்தான்.
பார்க்காமல் மடிக்கத்தான் முயன்றேன்.
பெரிய எண். மடிப்புக்கு வெளியே நின்றது.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்,
பசிதான் வந்தது.

அந்த ஞாயிறு ஒரு மெயில் எழுதினேன்.
எட்டிலிருந்து ஆறு வரை இருப்பேன்.
ஆறுக்குப் பிறகு போன் எடுக்க மாட்டேன்.
வெள்ளியும் சனியும் என்னுடையவை.
'தயவுசெய்து' என்று தொடங்கியதை அழித்தேன்,
'அன்புடன்' இருக்கட்டும் என்று விட்டேன்.
நிஷித் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.
சாரிடமிருந்து ஒன்றுமில்லை.

வியாழன் இரவு நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தேன்.
ஃப்ரிட்ஜின் மேல் குப்புறக் கிடந்த போன்
பதினேழு முறை உறுமியது.
பதினான்கு கன்டெய்னர் என்று பிறகு தெரிந்தது.
வீரம் ஒன்றுமில்லை. கால் நடுங்கி
ஸ்டூலில் உட்கார்ந்துதான் மீதி மீனைத் திருப்பினேன்.
விசா அவர்கள் கையில்,
தம்பியின் காலேஜ் ஃபீஸ் என் தலையில்.
ஒரு பக்கம் கருகிவிட்டது. தின்றேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு
என் மேசையருகே நின்றார்.
நாற்காலியில் உட்காரவில்லை, கவனித்தேன்.
"என்ன வேண்டும், அமல்?"

"அமலோற்பவம்" என்றேன்.
பிறகு பதவி. நூற்றைம்பது ரியால்.
மெயிலில் எழுதிய மணி நேரம், கையெழுத்தோடு.
எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்.
துறைமுக வாடகை மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது.

"கடைசியாக, என் பாஸ்போர்ட்."

"பெட்டகத்தில்தானே இருக்கிறது?
செக் புத்தகம் எடுக்க தினமும் நீதான் திறக்கிறாய்.
எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?"

உண்மை.
தினமும் பார்த்திருக்கிறேன்,
பழுப்பு ரப்பர் பேண்டுக்குள் நாற்பதோடு ஒன்றாய்.
ஒருமுறை விரல்கூடப் பட்டது.
திருட்டு என்ற சொல்தான் அப்போது வந்தது,
என்னுடையதற்கே.

"நீங்கள் எடுத்துத் தர வேண்டும், சார்."

குனிந்தார். முழங்கால் சொடுக்கியது.
பொத்தான்களைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
திரும்பாமலே கேட்டார்,
என் பெயரின் நடுவில் ஒருமுறை தடுக்கி:
"எண் என்ன?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
ஐந்துக்கும் இரண்டுக்கும் நடுவே
ஒரு மூச்சு விட்டேன், வேண்டுமென்றே.

இழுத்த வேகத்தில் ரப்பர் பேண்ட் அறுந்தது.
ராமநாதபுரம், தாக்கா, பெஷாவர், கண்ணூர்
எல்லாம் கம்பளத்தில் சரிந்தன.
பொறுக்கினேன்.
ஒவ்வொன்றையும் பிரித்துப் பெயரை
முழுதாகப் படித்து அடுக்கினேன்.
பெட்டகம் திறந்தே இருந்தது.
மேசைமேல் வைத்தேன்.