சேதாரம்

எங்கள் பக்கத்தில் அதற்குச் சிரட்டை என்று பேர்.
பீல் நகரத்து ஜெர்மன்காரர் தட்டு என்கிறார்கள்,
பிரெஞ்சுக்காரர் வேறு ஏதோ.
இரண்டு மொழி ஊர்.
இரண்டிலும் எனக்கு நோவைச் சொல்ல வராது.

"பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு,
ஃப்ராவ் பொன்னையா?"
ஏபிஷருக்கு முப்பது வயதிருக்கும். குளிர்ந்த கை.
மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

காலையில் உளைவு.
படி இறங்கினால் குத்து.
மழைக்கு முதல்நாள் கடுப்பு.
இரவு இரண்டு மணிக்குப் போர்வையே பாரமாகி
உள்ளே யாரோ ஈர்க்கு விட்டுக் கிண்டுவதுபோல் ஒன்று,
அதற்குத் தமிழிலும் பேர் இல்லை.
இவ்வளவையும் கூட்டிக் கழித்து
ஆறு என்றேன்.
ஆறு என்று எழுதிக்கொண்டார்.

துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வை.
நசுக்கு. ஐந்து எண்ணு. விடு.
தொடைத் தசை வேலையை மறந்துவிட்டதாம்,
ஞாபகப்படுத்த வேண்டுமாம்.
பள்ளிக்கூடப் பெட்டியில் கிடந்த பாகைமானிக்கு
நீளக் கை முளைத்தாற்போல் ஒரு சாமான்.
அதை வைத்து என்னை அளந்தார்:
எண்பத்திரண்டு.
கழிவறையில் ஒழுங்காய்க் குந்த
இன்னும் எட்டுப் பாகை வேண்டும்.

ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது நோகும் கால் முதலில். இதுதான் சட்டம்.
கலியாண வீட்டு வாசலிலும்
க்ளோட்டன் விமானப் படியிலும்
வலது காலைத்தான் எடுத்து வைத்தேன், சொன்னபடி.
இப்போது என் வீட்டுக்கே
இடது காலால் ஏறுகிறேன், மூன்றாம் மாடிவரை.
ஒன்றும் நடக்கவில்லை. பால்கூடத் திரையவில்லை.

வியாழக்கிழமை காப்புறுதிக் கடிதம்.
ஆரபி நின்றபடியே வாசித்தாள்,
சப்பாத்தும் கழற்றாமல்.
"விபத்து இல்லையாம் அம்மா.
பாவிச்சுப் பாவிச்சுப் போனதாம்."

ஜனவரி பதினாலு, பனி உறைந்த வண்டிப் படி,
கையில் வாளி, காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.
அதெல்லாம் படத்தில் விழவில்லை.
படத்தில் விழுந்தது தேய்மானம்.

நகைக்கடையில் செய்கூலி வேறு, சேதாரம் வேறு.
இருபத்திரண்டு வருடம்
நகரங்களுக்கிடையே ஓடும் வண்டிகளின் கழிவறைத் தரையில்
முழங்காலூன்றித் தேய்த்தேன்.
கூலி மாதம் இருபத்தைந்தாம் தேதி தவறாமல் வந்தது,
பொய் சொல்லமாட்டேன்.
சேதாரத்துக்குத்தான் பற்றுச்சீட்டு இல்லை.
தட்டானாவது உதிர்ந்த பொடியைக்
கூட்டி அள்ளி வைத்துக்கொள்வான்.
என்னில் உதிர்ந்தது
ஜெனீவாவுக்கும் சூரிச்சுக்கும் இடையே எங்கோ,
நானே துடைத்து
நானே வாளியில் பிழிந்து ஊற்றியிருப்பேன்.

ஒன்பது தடவைக்குத்தான் டாக்டர் எழுதியிருந்தார்.
ஒன்பதாவது நாள், நூற்றிநாலு பாகை.
கடிதத்தைக் காட்டினேன்.
ஏபிஷர் இரண்டு தரம் வாசித்தார்,
காது சிவந்தது.
"நான் பார்த்ததை எழுதித் தருகிறேன்.
பலன் இருக்குமா தெரியாது" என்றார்.
தெரியாது என்று சொன்னதால் நம்பினேன்.

"இன்றைக்கு எத்தனை?"
வாய் தவறித் தமிழில் வந்துவிட்டது: ஆறு.
அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.
ஒரு எண் என்றேன்.
முழங்காலைப் பார்த்துச் சொன்ன
மற்ற அர்த்தத்தை நான் வைத்துக்கொண்டேன்.

மூலையில் பழகுவதற்கென்று மரப்படிக்கட்டு,
நாலு ஏறி நாலு இறங்கும்,
எந்த மாடிக்கும் போகாது.
இடது, வலது. கைப்பிடியை விட்டுவிட்டு.
இறங்கும்போது பார்த்தேன்:
மூன்றாம் படியின் ஓரத்தில் தூசி,
ஒரு விரல் கனத்துக்கு.

குனியவில்லை.