பச்சைச் சிலுவை

பிற்பகல் நாலு மணி. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.
மருந்துக்கடை வாசலில் பச்சைச் சிலுவை
நாற்பத்தைந்து என்று எழுதுகிறது,
அழிக்கிறது,
மறுபடியும் எழுதுகிறது,
நம்பாத ஒருவரிடம் சொல்வதுபோல்.

பேருந்து வந்து நிற்கிறது.
பன்னிரண்டு டச்சுக்காரர்கள் இறங்கி
அந்த எண்ணுக்குக் கீழே சிரித்தபடி படமெடுக்கிறார்கள்.
மணிக்கூண்டை எடுக்கவில்லை.
குவாதல்கிவிர் ஆற்றையும் எடுக்கவில்லை.
ஏழு நிமிடம். கதவு மூடிக்கொள்கிறது.
இளகிய தாரில் அவர்களுடைய செருப்புத் தடம் மட்டும்
இரவு தங்கும்.

என் விடுதியில் ஒன்பது அறைகள்.
பதிவேட்டில் ஆகஸ்டு முழுக்கக் குறுக்குக்கோடுகள்.
ஒருத்தி மட்டும் காரணம் எழுதியிருந்தாள்:
"மன்னிக்கவும், என் உடம்பு சம்மதிக்கவில்லை."

அப்பா அச்சடித்த அட்டை
இன்னும் கல்லாவுக்குப் பின்னால்:
வருடத்தில் முந்நூறு நாள் வெயில்!
அதைச் சொல்லித்தான் விற்றோம்.
கழற்றப் போனேன்.
ஆணி சுட்டது. விட்டுவிட்டேன்.

நிழலின் அருமை வெயிலில்தான் தெரியுமாம்.
தெரிந்தது. விலையும் வைத்துப் பார்த்தேன்:
முற்றத்து அறைக்கு இருபது யூரோ கூடுதல்.
அதற்கும் ஆளில்லை.

நாத்தனார் கோவதோங்கா
வடக்கே அஸ்தூரியாஸ் கடலோரத்தில்
ஓதம் ஏறிய வீடொன்றை
இருபது வருடம் வாடகைக்கு விட முடியாமல் வைத்திருந்தாள்.
இப்போது விளம்பரம் போடுகிறாள்:
"மூடுபனி நிச்சயம். இரவில் கம்பளி வேண்டியிருக்கும்."
அந்தக் கம்பளிக்காகவே
செவில்லாவிலிருந்து முன்பணம் வருகிறது.

ஆனாலும் தொலைபேசியில் புலம்பல்:
ரொட்டிக்கடையில் வெளியூர் வரிசை,
கல்யாணமான மகனுக்கு ஊரில் வீடு கிடைக்கவில்லை,
போன வாரம் முப்பத்தொன்று டிகிரி,
தங்க வந்தவன் மின்விசிறி கேட்டானாம்.
"இந்த ஊர்க் கடைகளில் அது கிடையாதே, அரசேலி."
எனக்குச் சிரிப்பு வந்தது.
முப்பத்தொன்று என்றது மறுபடி காதில் விழ,
நின்றுவிட்டது.

மூன்றாம் அறையிலிருந்து ஒன்று,
ஏழாம் அறையிலிருந்து ஒன்று,
துடைத்துக் கட்டி எடுத்துக்கொண்டேன்.
பூட்டின கதவில் எழுதி ஒட்டினேன்: அக்டோபரில் வாருங்கள்.
பயணச்சீட்டுப் படிவம் கேட்டது: பயணத்தின் நோக்கம்?
வியாபாரம் என்று எழுத வந்த கை
சுற்றுலா என்று எழுதியது.

ரயில் பெட்டிக்குள் பற்கள் கிட்டும் குளிர்.
தலைக்கு மேலே, சாமான் தட்டில்,
கட்டு அவிழ்ந்த விசிறி ஒன்று
யாரும் பொத்தானைத் தொடாமலே
மெல்லச் சுற்றுகிறது.