ஈயக் குண்டு

மெரிபேங்கில், கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு
கார்ச் சக்கரத்து ஈயத் துண்டுகளை
இரும்புச் சட்டியில் உருக்குவேன்.
தூண்டிலுக்குக் குண்டு.
இருபது வருஷம்
அந்தப் புகையிலேயே தேநீரும் குடித்தேன்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த நர்ஸ் நொம்புலெலோ
என் இடுப்பின் இரு பக்கமும் தொட்டுக் காட்டினாள்:
"இங்கே குடியேறப் பார்க்கிறது.
சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் துத்தநாகமும்
முன்பே உட்கார்ந்திருந்தால்
அதற்கு இடம் கிடைக்காமல் போகலாம்."

போகலாம்.
போகும் என்று சொல்லவில்லை.
இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன்.

காலை ஆறு மணி டாக்ஸி.
பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்தபின்
கதவைப் பற்றியபடி ஓடி வருகிறான் ஒருவன்,
நமக்குத் தெரிந்த முகம் போலவே.

ஜூலையில் மத்தி வந்தது.
அமன்சிம்டோட்டிக் கரையில் வலைவலையாய் இழுத்தார்கள்,
என் குண்டு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.
மோகாம்பாள் புளி தூக்கலாய்க் குழம்பு வைத்தாள்,
முள் குழையும்வரை.
"துப்பாதே," என்றாள். "முள்ளுக்காகத்தான் வைத்தேன்."

சனிக்கிழமைக்கு நாற்பது குண்டு வேண்டுமாம்,
தயாளன் போனில்.
வாய் நிறைய முள்.
மென்றுகொண்டே இருந்தேன்.