ஜாக்கி இருந்த இடம்

அடுக்கம் இறக்கத்தில்
இடது பின்சக்கரம் பேச்சுக் கொடுத்தது.
முதலில் அப்பளம் நொறுங்குவது மாதிரி,
பிறகு ஈரச் செருப்பு மாதிரி.
ரோடு சரியில்லை என்றான் குழந்தைவேல்.
ரோடு என்றைக்குச் சரியாக இருந்தது?

சரிவில் நிறுத்தவில்லை.
டயர் போனால் போகட்டும் என்று
ஆம்னியை நடக்கவிட்டு
ஒரு பலாமரத்தடியில்
பாய் விரித்தாற்போல் கிடந்த தரையில்
ஓரங்கட்டினேன்.
மலையில் அவ்வளவு தட்டையான இடம்
யாரோ மறந்து விட்டுப்போனதாகத்தான் இருக்க முடியும்.

பன்னிரண்டு மூட்டை பூண்டு.
பூம்பாறையில் ஏற்றும்போது ஆளுக்கு ஆறு,
இறக்கும்போதும் ஆளுக்கு ஆறு என்றேன்.
எதுக்கு இறக்கணும் என்று அவன் கேட்டு முடிப்பதற்குள்
மூன்று இறக்கியிருந்தேன்.

ஸ்டெப்னி இருந்தது, காற்றோடு.
ஸ்பேனர் இருந்தது.
ஜாக்கியைக் காணோம்.
மிதியடிக்குக் கீழே போன வருஷத்து எடைச்சீட்டு,
அவன் வைத்த விபூதிப் பொட்டலம்,
நான் வைத்த பாதி மெழுகுவத்தி.
இரண்டு பேர் சாமிக்கும் வேண்டியது இருந்தது,
வண்டியைத் தூக்கத்தான் ஒன்றுமில்லை.

மதகுச் சுவரில் ஏறி
பெரியகுளத்துப் பக்கம் கழுத்தை நீட்டினால்
சிக்னல் ஒரு கோடு.
வண்டியை எனக்கு விற்ற பண்ணைக்காட்டு லூர்துராஜ்
சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:
முன் சீட்டைத் தூக்கு. என்ஜின் ஓரம் பாரு.
இழுக்காத பிலோமி, திருகு.

இழுத்தேன். வரவில்லை.
மூன்று வருஷமாக எனக்குக் கீழேயே
அந்த இரும்புச் சட்டத்துக்குள்
விரிந்து உட்கார்ந்திருந்திருக்கிறது,
பஸ்ஸில் முழங்கையால் இடம் பிடித்தவள் மாதிரி.
திருகத் திருகச் சுருங்கி
கைக்குள் விழுந்தது.

பின்சக்கரம் மேலே போனால்
ஹேண்ட்பிரேக்கில் பாதி அந்தரத்தில்.
அதனால் முன்சக்கரங்களுக்கு
முன்னும் பின்னும் கல்.
நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி,
விளிம்புத் தகட்டின் இரண்டு வெட்டுக்கு நடுவே
ஜாக்கியின் தலையைக் கொடுத்தேன்.
படுத்த மாடு எழுவது போல
பின்பக்கம் தூக்கி எழுந்தது வண்டி.

கழற்றிய சக்கரத்தை
வண்டிக்கடியில் படுக்கப்போட்டேன்.
இது எதுக்குக் குறுக்கே?
கிடக்கட்டும்.

ஒரு நட்டு உருண்டது.
போகக்கூடாத இடத்துக்கே போனது.
குழந்தைவேல் குப்புறப் படுத்து
தோள்வரை கையை நுழைத்தான்.
காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.
பூண்டு விலை ஏறும் நேரத்தில்
உனக்குப் பயம் வருது பாரு என்று
திட்டிக்கொண்டே குச்சி தேடப் போனான்.

கீழிருந்து ஒரு ஜீப்
வளைவில் ஹாரன் அடித்தபடி ஏறிப்போனது.
நேற்றைய மழையைக் குடித்திருந்த மண்.
ஜாக்கி மெல்லத் தலை சாய்த்தது.
பெரிய சத்தமெல்லாம் இல்லை.
களைத்துப்போன ஒருவர்
நாற்காலியில் அமர்கிற சத்தம்.
படுத்திருந்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது வண்டி.

குழந்தைவேல் குச்சியோடு நின்றான்.
கீழே மிச்சமிருந்த நாலு விரற்கடையைப் பார்த்தான்.
தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மூட்டைக்கடியில் போட்டிருந்த பலகையை
உருவிக்கொண்டு வந்தது அவன்தான்.
பலகைமேல் ஜாக்கி. மறுபடி முதலிலிருந்து.
குச்சியால் நட்டைத் தள்ளி எடுத்தோம்.
எதிரெதிராக முறுக்கி, இறக்கி,
தரைக்கு வந்தபின் இன்னொருமுறை முறுக்கி,
பன்னிரண்டு மூட்டையும் ஏற்றியபோது
பலாமரத்து நிழல் ரோட்டைத் தாண்டியிருந்தது.

வடுகபட்டியில் ஏலம் முடிந்துபோயிருந்தது.
கிலோவுக்குப் பதினைந்து குறைத்துக் கேட்டார்கள்.
ஒரு ரூபாய்க்குச் சட்டை மடிக்கிறவன்
கொடுத்துடு என்றான்.

திரும்பி ஏறும்போது
சீட்டுக்கடியில் லொடலொடப்பு.
இருட்டில் நிறுத்தச் சொல்லி
அவனே சீட்டைத் தூக்கி
ஜாக்கியை விரித்தான்,
இரண்டு பக்கமும் முட்டும்வரை,
சத்தம் நிற்கும்வரை,
நின்ற பிறகும்
இன்னொரு அரைத் திருகு.